மின்விசிறித் தூசியும் பேராசிரியர் பிராண்டிலும்

சிறப்பு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று மலர்க்குழு நண்பர்கள் கேட்டபோது, ஹாஸ்டல் கலாட்டா, மெஸ் சாம்பார், கட் அடித்துப் போன சினிமா என்று எழுதத்தான் முதலில் ஆசை வந்தது. அவற்றை என்னைவிடச் சுவையாக எழுதக்கூடியவர்கள் நம் பேட்ச்சிலேயே நாலு பேர் இருக்கிறார்கள். தவிர, எனக்கு இந்தக் கல்லூரியில் ஒரு பாக்கி இருக்கிறது. மெஸ் பாக்கி இல்லை. அதைக் கட்டாமல் நோ டியூஸில் கையெழுத்து வாங்கியிருக்க முடியாது. ஒரு கேள்விக்குப் பதில் சொல்லாமல் வந்துவிட்டேன். அந்தப் பாக்கியைத் தீர்க்கத்தான் இதை எழுதுகிறேன்.

ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் லேப் வைவா. என் முறை வந்தபோது சார் கேட்டது ஒரே ஒரு கேள்வி. வெஞ்சுரிமீட்டரில் குழாய் குறுகும் பகுதி குட்டையாக இருக்கிறது, மறுபடி விரியும் பகுதி மட்டும் அத்தனை நீளமாக இருக்கிறதே, அது ஏன்? இரண்டையும் ஒரே நீளமாக வைத்தால் இடமும் மிச்சம், உலோகமும் மிச்சம்தானே? அந்தப் படத்தை ரெக்கார்ட் நோட்டில் ஸ்கேல் வைத்து அழகாக வரைந்திருந்தேன். சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் வரைந்தேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்வதில் தப்பில்லை. ஏன் நீளம் என்று யோசித்ததே கிடையாது. அதுதான் ஸ்டாண்டர்ட் டிசைன் சார் என்று உளறினேன். அவர் கோபப்படவில்லை. அது பதில் இல்லையப்பா, தெரிகிற அன்றைக்கு வந்து சொல் என்று சொல்லி, பாஸ் மார்க் போட்டு அனுப்பிவிட்டார்.

அதே சார்தான் முதல் வகுப்பில் தலைக்கு மேலே சுற்றிக்கொண்டிருந்த ஃபேனைக் காட்டி இன்னொரு கேள்வியும் கேட்டிருந்தார். 48 அங்குல ஃபேன், நிமிடத்துக்கு 350 சுற்று என்று வைத்துக்கொண்டால் றெக்கையின் நுனி மணிக்குச் சுமார் 80 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது. அந்த வேகத்தில் போகும் பைக்கில் உட்கார்ந்தால் தலையில் துண்டு நிற்காது. ஆனால் றெக்கையின் மேல் தூசி மட்டும் எப்படி அசையாமல் அப்பிக்கொண்டு நிற்கிறது? நாங்கள் சிரித்தோம். பெருக்குகிறவர் லீவு சார் என்று பின் பெஞ்சிலிருந்து ஒரு குரல் வந்தது.

இரண்டு கேள்விக்கும் பதில் ஒன்றுதான். அந்தப் பதிலைக் கண்டுபிடித்தவரும் ஒருவர்தான். ஹீட் ட்ரான்ஸ்ஃபர் பேப்பரில் பிராண்டில் எண் என்று மனப்பாடம் செய்தோமே, அந்தப் பிராண்டில். எண்ணாக மட்டுமே எனக்குத் தெரிந்திருந்த அவர் நம்மைப் போல ஒரு மெக்கானிக்கல் எஞ்சினியர், முதல் வேலையில் ஒரு குழாய் விஷயத்தில் கோட்டை விட்டவர் என்பதெல்லாம் ரொம்பத் தாமதமாகத்தான் தெரிய வந்தது.

நூரம்பெர்க்கில் ஒரு மரத்தூள் மெஷின்

லுட்விக் பிராண்டில் 1875-ஆம் ஆண்டு பிப்ரவரி 4-ஆம் தேதி, ஜெர்மனியின் பவேரியாவில் ஃப்ரைசிங் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அங்கே விவசாயக் கல்லூரிப் பேராசிரியர். அம்மாவுக்கு நீண்ட நாள் உடல்நலக் குறைவு. அதனால் பையன் அப்பாவையே ஒட்டி வளர்ந்தான். எதையும் நின்று பார், பார்த்ததைப் பற்றி யோசி என்று பழக்கியவர் அப்பாதான் என்பார்கள். ம்யூனிக் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்து, ஆகஸ்ட் ஃபெப்பல் என்ற புகழ்பெற்ற பேராசிரியரிடம் ஆராய்ச்சி செய்தார். டாக்டர் பட்டம் வாங்கியது காற்றிலோ தண்ணீரிலோ இல்லை, ஸ்ட்ரெங்த் ஆஃப் மெட்டீரியல்ஸில். நீளமான உத்தரம் பாரம் தாங்காமல் பக்கவாட்டில் சாய்ந்து முறுக்கிக்கொள்வது பற்றிய ஆய்வு அது.

1900-ல், 25 வயதில், நூரம்பெர்க்கில் எம்.ஏ.என். எந்திரத் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்தார். மரவேலைப் பட்டறையில் குவியும் மரச்சீவலையும் தூளையும் உறிஞ்சி வெளியே தள்ளும் அமைப்பைச் சரி செய்வதுதான் அவருக்குக் கொடுக்கப்பட்ட வேலை. ஃபேனும் குழாயும் கொண்ட சாதாரண சமாச்சாரம். அவர் அதைத் திருத்தியமைத்தார். மின்சக்திச் செலவும் நன்றாகக் குறைந்தது. முதலாளிகளுக்குத் திருப்தி.

அவருக்கு மட்டும் திருப்தி இல்லை. குழாயின் ஒரு பகுதியை விரிந்துகொண்டே போகும்படி அமைத்திருந்தார். குழாய் விரிந்தால் காற்றின் வேகம் குறையும், வேகம் குறைந்தால் அழுத்தம் ஏற வேண்டும். பெர்னூலி சமன்பாடு அப்படித்தான் சொல்கிறது. அளந்து பார்த்தால் எதிர்பார்த்த அளவுக்கு அழுத்தம் ஏறவில்லை. காற்று குழாயின் சுவரை விட்டு விலகி நடுவிலேயே பாய்ந்துகொண்டிருந்தது. மெஷின் ஓடுகிறது, வேலை முடிந்தது, பில் போடலாம் என்று விட்டிருக்கலாம். 1901-ல் ஹனோவர் தொழில்நுட்பக் கல்லூரியில் மெக்கானிக்ஸ் பேராசிரியர் பதவி கிடைத்து அவர் தொழிற்சாலையை விட்டே போய்விட்டார். ஆனால் காற்று ஏன் சுவரை விட்டுப் போனது என்ற கேள்வி அவர் கூடவே போயிற்று.

இந்த இடத்தில் என் கதையைச் சொல்லியாக வேண்டும். எனக்கும் அப்போது 26 வயது. ஒரு நூற்பாலையில் பராமரிப்புப் பிரிவில் இருந்தேன். பஞ்சுக் கழிவை உறிஞ்சும் டக்ட்டில், ஃபேனுக்கு அடுத்து விரியும் பகுதி நீளமாக இருந்து வழியை அடைத்தது. ட்ராலி போக இடம் வேண்டும், சுருக்கிவிடு என்றார்கள். நான் அதை அரை நீளத்துக்கு வெட்டி, சட்டென்று விரியும்படி மாற்றினேன். மறுநாளே கடைசி மெஷின்களில் உறிஞ்சும் சக்தி குறைந்துவிட்டது. என்ன செய்தேன் தெரியுமா? 15 ஹெச்.பி. மோட்டாரைக் கழற்றிவிட்டு 20 ஹெச்.பி. மாட்டி, ஃபேன் வேகத்தைக் கூட்டினேன். சரியாகிவிட்டது. மேலதிகாரி முதுகில் தட்டிக்கொடுத்தார். ஏன் குறைந்தது என்று யாரும் கேட்கவில்லை, நானும் கேட்டுக்கொள்ளவில்லை. மூன்று வருஷம் அந்த மோட்டார் இரவும் பகலும் கரண்ட்டைக் குடித்தது.

பிறகு நம் கல்லூரியிலிருந்தே ட்ரெயினியாக ஒரு தம்பி வந்தான். வந்த வாரமே, இவ்வளவு சின்ன லைனுக்கு ஏன் சார் இவ்வளவு பெரிய மோட்டார் என்று கேட்டான். எப்பவும் அப்படித்தாம்ப்பா என்று நான் சொன்னபோது, எனக்கே அந்த வைவா ஞாபகம் வந்து காது சூடாயிற்று.

பத்து நிமிஷப் பேச்சு

பிராண்டில் காலத்தில் இந்தத் துறை இரண்டாகப் பிரிந்து கிடந்தது. ஒரு பக்கம் கணித மேதைகள். காற்றுக்கும் தண்ணீருக்கும் உராய்வே கிடையாது என்று வைத்துக்கொண்டு அழகழகான சமன்பாடுகள் போட்டார்கள். அந்தக் கணக்குப்படி, சீரான வேகத்தில் போகும் உருண்டைக்குக் காற்றின் எதிர்ப்பே இருக்காது! ஃபிரான்ஸ் நாட்டு தலாம்பேர் 1752-லேயே இந்த விபரீதத்தைக் கண்டு திகைத்தார். சைக்கிளில் எதிர்க்காற்றில் போன எவனுக்கும் இது பொய் என்று தெரியும். மறு பக்கம் எஞ்சினியர்கள். அவர்கள் கணக்கை நம்பாமல் அளந்து அளந்து சூத்திரம் எழுதிக்கொண்டார்கள். உராய்வையும் சேர்த்த முழுச் சமன்பாடுகளை நேவியர் 1822-லும் ஸ்டோக்ஸ் 1845-லும் எழுதி வைத்திருந்தார்கள். ஆனால் அதைத் தீர்க்க ஆள் இல்லை. காற்றின் பாகுநிலையோ மிக மிகக் குறைவு. அவ்வளவு சின்னதை விட்டுவிட்டால் என்ன என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஹனோவரில் பிராண்டில் ஒரு தண்ணீர்த் தொட்டி செய்தார். கையால் சுற்றும் துடுப்புச் சக்கரம் ஒன்று அதில் தண்ணீரை ஓட வைக்கும். மின்னும் கனிமத் துகள்களைத் தண்ணீரில் கலந்துவிட்டு, சின்னச் சின்ன வடிவங்களை வைத்து ஓட்டம் எங்கே ஒட்டுகிறது, எங்கே விலகுகிறது என்று பார்த்துப் படம் எடுத்தார். கோடி ரூபாய் லேப் எல்லாம் இல்லை. நம் லேபில் இருந்ததைவிடக் குறைவுதான்.

1904 ஆகஸ்ட்டில் ஹைடல்பர்க் நகரில் உலகக் கணித மாநாடு. அங்கே 29 வயது பிராண்டிலுக்குக் கிடைத்தது பத்து நிமிஷம். அச்சில் வந்தபோது எட்டே பக்கம். அதில் அவர் சொன்னது இதுதான்: காற்று எவ்வளவு வேகமாகப் போனாலும், திடப்பொருளைத் தொட்டுக்கொண்டிருக்கும் காற்று அதோடு ஒட்டியே நிற்கும். அங்கிருந்து சிறிது தூரத்துக்குள் வேகம் கிடுகிடுவென்று ஏறி முழு வேகத்தைத் தொட்டுவிடும். இந்த மெல்லிய படலத்துக்குள்தான் உராய்வின் ஆட்டம் எல்லாம். படலத்துக்கு வெளியே உராய்வை மறந்துவிட்டுப் பழைய அழகான கணக்கையே போடலாம். இதைத்தான் பவுண்டரி லேயர், எல்லைப் படலம் என்கிறோம்.

ஃபேன் தூசிக்கு விடை வந்துவிட்டது பாருங்கள். றெக்கையின் மேல் அந்தப் படலம் ஒன்றிரண்டு மில்லிமீட்டர் இருக்கும். தூசியோ அதைவிடப் பல மடங்கு சின்னது. படலத்தின் அடியில், றெக்கையோடு சேர்ந்தே சுற்றும் காற்றுக்குள் அது பத்திரமாக உட்கார்ந்திருக்கிறது. மேலே 80 கிலோமீட்டர் வேகம் அதற்குத் தெரியவே தெரியாது.

குழாய்க்கும் விடை அதே. அழுத்தம் ஏறும் பக்கம் போவது என்றால் காற்றுக்கு மேடு ஏறுவது மாதிரி. மேம்பாலத்தின் அடியில் வேகமாக வரும் சைக்கிள் மிதிக்காமலே கொஞ்ச தூரம் ஏறிவிடும். தளர்ந்து வரும் சைக்கிள் பாதியில் நின்று பின்னால் உருளும். குழாயின் நடுவில் வரும் காற்று முதல் வகை. சுவரோரம் உரசி உரசிக் களைத்த காற்று இரண்டாம் வகை. மேடு செங்குத்தாக இருந்தால் அது ஏற முடியாமல் நின்று திரும்பிவிடும். பின்னால் வருவது அதில் மோதிச் சுவரை விட்டு விலகும், சுழல் உண்டாகும், அழுத்தமாக மாற வேண்டிய சக்தி வெறும் சுழலாகக் கரைந்துபோகும். குழாய் குறுகும்போது இந்தத் தொல்லை இல்லை, அது இறக்கம். அதனால்தான் வெஞ்சுரிமீட்டரில் குறுகும் கூம்பு 20 டிகிரி வரை தாராளமாக இருக்கலாம், விரியும் கூம்பு மட்டும் 5 முதல் 7 டிகிரிக்குள் சாய்வாக, நீளமாகப் போக வேண்டும்.

மாநாட்டில் இருந்தவர்களில் பெரும்பாலோருக்கு இதன் பெருமை உறைக்கவில்லை. ஒருவருக்கு உறைத்தது. கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தின் கணிதப் பெருமகன் ஃபெலிக்ஸ் க்ளைன். அந்த ஆண்டே பிராண்டிலைக் கோட்டிங்கனுக்கு அழைத்துக்கொண்டார். ஹனோவரில் முழுப் பேராசிரியர், கோட்டிங்கனில் அதற்கு ஒரு படி கீழே. யோசித்துவிட்டு பிராண்டில் கீழ்ப்படிக்கே போனார். ஆராய்ச்சிக்கு இடம் அங்கேதான் என்று தெரிந்துதான் போனார்.

ஈஃபிலின் உருண்டையும் நம் கிரிக்கெட் பந்தும்

கோட்டிங்கன் வாழ்க்கை கிட்டத்தட்ட ஐம்பது வருஷம். 1908 வாக்கில் காற்றுச் சுரங்கம் ஒன்று கட்டி ஆகாயக் கப்பல் மாதிரிகளைச் சோதித்தார். 1909-ல் தம் குரு ஃபெப்பலின் மகள் கெர்ட்ரூடைக் கல்யாணம் செய்துகொண்டார். இரண்டு பெண் குழந்தைகள். மாணவர்கள் வரத் தொடங்கினார்கள். தட்டையான தகட்டின் மேல் எல்லைப் படலம் எவ்வளவு தடிக்கும் என்ற சூத்திரத்தைப் பரீட்சைக்கு முந்தின ராத்திரி உருப்போட்டோமே, அதைக் கணக்கிட்ட பிளாசியஸ் அவருடைய ஆரம்ப மாணவர். இவ்வளவுக்கும் பிராண்டில் நல்ல பேச்சாளர் அல்ல. ஒரு வாக்கியம் சொன்னால் அதற்கு நாலு விதிவிலக்கும் சேர்த்துச் சொல்வாராம்.

1912-ல் ஒரு வேடிக்கை நடந்தது. பாரிஸில் கோபுரம் கட்டிய கஸ்டாவ் ஈஃபில் எண்பது வயதில் காற்றுச் சுரங்கம் வைத்து ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். உருண்டையின் மேல் காற்றின் இழுவையை அவர் அளந்தது கோட்டிங்கனில் அளந்ததில் பாதிக்கும் குறைவாக இருந்தது. கிழவர் கணக்கில் எங்கோ 2-ஐ விட்டுவிட்டார் என்று கோட்டிங்கன்காரர்கள் நினைத்தார்கள். ஈஃபில் விடவில்லை. பல வேகங்களில் அளந்து, ஒரு வேகத்துக்கு மேலே போனால் இழுவை திடீரென்று சரிகிறது என்று காட்டிவிட்டார்.

பிராண்டில் மறுபடியும் தம் படலத்தைத்தான் பார்த்தார். மெதுவாகப் போகும்போது படலத்துக்குள் காற்று அடுக்கடுக்காக ஒழுங்காகப் போகிறது. களைத்த காற்று சீக்கிரமே உருண்டையை விட்டு விலகி, பின்னால் பெரிய சுழல் வாலை உண்டாக்குகிறது. வேகம் கூடினால் படலமே கொந்தளிக்கிறது. கொந்தளிப்பு மேலே உள்ள வேகமான காற்றைக் கீழே இழுத்துக் கலக்கிக் களைத்ததற்குத் தெம்பு கொடுக்கிறது. அதனால் அது இன்னும் கொஞ்ச தூரம் ஒட்டிக்கொண்டு போகிறது. வால் சுருங்குகிறது, இழுவை குறைகிறது. இது நிஜமா என்று பார்க்க 1914-ல் அவர் செய்த சோதனை ரொம்ப எளிமை. உருண்டையைச் சுற்றி ஒரு மெல்லிய கம்பி வளையத்தை மாட்டினார். கம்பி படலத்தைக் குலுக்கியது. குறைந்த வேகத்திலேயே இழுவை விழுந்துவிட்டது. வழவழப்பான பந்தைவிடக் கம்பி கட்டிய பந்துக்கு எதிர்ப்புக் குறைவு! கால்ஃப் பந்தில் குழி குழியாக இருப்பது இதற்காகத்தான்.

நம் ஊர் கிரவுண்டுக்கு வருவோம். புதுப் பந்தின் தையல்தான் பிராண்டிலின் கம்பி. பௌலர் தையலைச் சற்றே சாய்த்துப் போடும்போது, தையல் இருக்கும் பக்கத்தில் படலம் கொந்தளித்து நீண்ட நேரம் ஒட்டிக்கொள்கிறது. பளபளப்பான மறு பக்கத்தில் சீக்கிரம் விலகிவிடுகிறது. இரண்டு பக்கமும் சமம் இல்லை, அதனால் பந்து தையல் காட்டும் பக்கம் வளைகிறது. பேண்ட்டில் பந்தைத் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பாக்கும் பையன் பவுண்டரி லேயருக்குத்தான் வேலை செய்கிறான். அவனுக்கு அது தெரிய வேண்டியதில்லை. எஞ்சினியரிங் படிக்கிற நமக்குத் தெரிய வேண்டும்.

அடுத்து விமான இறக்கை. இங்கிலாந்தில் லான்செஸ்டர் என்ற எஞ்சினியர் ஏற்கெனவே யோசித்திருந்த வழியில், இறக்கையின் தூக்குவிசையைக் கணக்கிடும் முழுமையான முறையை 1918-19-ல் பிராண்டில் வெளியிட்டார். இறக்கைக்குக் கீழே அழுத்தம் அதிகம், மேலே குறைவு. நுனியில் கீழிருந்து மேலே காற்று வழிந்து சுழலாகப் பின்னால் நீள்கிறது. அந்தச் சுழலை உண்டாக்கும் சக்தியும் எஞ்சின் கணக்கில்தான் சேரும். சாயங்கால வானத்தில் கொக்குகள் ஏன் கூர் வரிசை கட்டிப் பறக்கின்றன என்ற கேள்விக்கும் இங்கேதான் விடை. முன்னால் போகிற பறவையின் இறக்கை நுனிக்கு வெளியே காற்று மேல்நோக்கி எழும்புகிறது. பின்னால் வருவது அதில் சவாரி செய்கிறது. விமானத்தில் ஜன்னல் சீட் கிடைத்தால் இறக்கை நுனி மேலே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள். அந்தச் சுழலின் செலவைக் குறைக்கத்தான் அது.

அவர் பார்க்காமல் விட்டது

மலரில் வருகிற வாழ்க்கை வரலாறு என்றால் புகழ்ந்தே முடித்துவிடுவது நம் வழக்கம். பிராண்டில் விஷயத்தில் அது நேர்மை ஆகாது.

1925-ல் கோட்டிங்கனில் பாய்ம ஆராய்ச்சிக்கென்று கைசர் வில்ஹெல்ம் நிறுவனம் தொடங்கியபோது அவர்தான் இயக்குநர். 1933-ல் ஹிட்லர் வந்தார். அதே கோட்டிங்கனிலிருந்து மாக்ஸ் போர்ன், கூரான்ட், எம்மி நோதர் போன்ற மேதைகள் யூதர்கள் என்பதற்காக வேலையிலிருந்து விலக்கப்பட்டார்கள். பிராண்டில் நாஜிக் கட்சியில் சேரவில்லை. 1938-ல், வம்பில் மாட்டிய ஹைசன்பர்க்குக்காக ஹிம்லருக்கே பரிந்து எழுதினார். அதெல்லாம் உண்மை. அதே 1938-ல் இங்கிலாந்து நண்பர் ஜி. ஐ. டெய்லருக்கு எழுதிய கடிதத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு வக்காலத்து வாங்கினார் என்பதும் உண்மை. விமான அமைச்சகத்தின் பணம் வந்தது, ஆய்வுக்கூடங்கள் பெருகின. 1942-ல் அந்த அமைச்சகத்தின் ஆராய்ச்சிக் குழுவுக்கும் தலைவரானார்.

அவருடைய மாணவர்களிலேயே பெரும் புகழ் பெற்ற தியோடர் வான் கார்மன் ஹங்கேரி நாட்டு யூதர். 1930-லேயே அமெரிக்காவில் கால்டெக்கின் விமான ஆய்வகத் தலைமையை ஏற்றுப் போய்விட்டார். 1945-ல் போர் முடிந்ததும் அமெரிக்க விமானப் படையின் சார்பில் கோட்டிங்கன் வந்து, தம் குருவையே உட்கார வைத்து விசாரணை செய்தார். கூட வந்தவர் கார்மனின் சீன மாணவர் சியென். குரு, சிஷ்யர், சிஷ்யரின் சிஷ்யர் மூவரும் சேர்ந்து நிற்கும் புகைப்படம் ஒன்று உண்டு. உலக விவகாரத்தில் பிராண்டில் குழந்தை மாதிரி என்று கார்மன் பின்னாளில் எழுதினார். அது மன்னிப்பா, குற்றச்சாட்டா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

ஒரு மில்லிமீட்டர் படலத்தைக்கூட அலட்சியம் செய்யாத கண், பக்கத்துக் கட்டடத்திலிருந்து சக ஆசிரியர்கள் வெளியேற்றப்படுவதை அதே கவனத்தோடு பார்க்கவில்லை. மெஷின் ஓடுகிறதே, அப்புறம் ஏன் கேள்வி என்று நூரம்பெர்க்கில் சும்மா இருக்காதவர், ஆய்வுக்கூடம் ஓடுகிறதே என்று கோட்டிங்கனில் இருந்துவிட்டார். கம்பெனி வேலையில் இருக்கும் நம்மில் யாரும் இதைப் படித்துவிட்டுச் சுலபமாகக் கல்லெறிய முடியாது. ஆனால் படிக்காமல் தாண்டிப் போகவும் கூடாது.

போருக்குப் பிறகு கடைசி ஆண்டுகளிலும் அவர் வேலையை விடவில்லை. கொந்தளிப்பு அவரை இறுதிவரை விடாத புதிர். 1953 ஆகஸ்ட் 15-ஆம் தேதி, 78-ஆம் வயதில், கோட்டிங்கனிலேயே காலமானார். நோபல் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

கோட்டிங்கனிலிருந்து பெங்களூருக்கு

இது எங்கோ ஜெர்மனிக் கதை என்று நம் மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. பிராண்டிலிடம் கோட்டிங்கனில் ஆராய்ச்சி செய்து 1930-களில் டாக்டர் பட்டம் பெற்ற இந்தியர் ஒருவர் உண்டு, விஷ்ணு மாதவ் காட்கே. பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட்டில் சேர்ந்து, இந்தியாவிலேயே வடிவமைத்த ஹெச்.டி.-2 பயிற்சி விமானத்தை உருவாக்கியவர். 1951-ல் அது பறந்தது. பின்னாளில் கிரண் ஜெட் பயிற்சி விமானமும் அவர் தலைமையில்தான் வந்தது. அதே 1951-ல், கார்மன் வளர்த்த கால்டெக் பள்ளியில் ஆராய்ச்சியை முடித்து பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்து சேர்ந்தார் சதீஷ் தவன். அவருடைய ஆய்வு எதைப் பற்றித் தெரியுமா? எல்லைப் படலத்தின் உராய்வை நேரடியாக அளப்பது! 1972 முதல் 1984 வரை இஸ்ரோவுக்குத் தலைமை தாங்கியவர். இன்று ஸ்ரீஹரிகோட்டா ஏவுதளம் அவர் பெயரைத்தான் தாங்கி நிற்கிறது. மரச்சீவல் மெஷினில் கேட்ட ஒரு கேள்வி எங்கேயெல்லாம் போய்ச் சேர்ந்திருக்கிறது பாருங்கள்.

என் நூற்பாலைக் கதையையும் முடித்துவிடுகிறேன். அந்த ட்ரெயினித் தம்பியும் நானும் ஒரு ஞாயிற்றுக்கிழமை டக்ட்டில் சின்ன ஜன்னல் வெட்டி அக்ரிலிக் தகடு பொருத்தினோம். உள்சுவரில் வரிசையாகக் கம்பளி நூல் துண்டுகளை ஒட்டி, மோட்டாரைப் போட்டோம். முதல் இரண்டு நூலும் காற்றோடு நேராக நின்றன. மூன்றாவது தள்ளாடியது. நான்காவதிலிருந்து எல்லாம் திரும்பி, வந்த வழியையே காட்டின. மணிக்கு அத்தனை கிலோமீட்டர் வேகத்தில் காற்று முன்னால் போகிற குழாயில், சுவரோரம் காற்று பின்னால் வந்துகொண்டிருந்தது! தம்பி துள்ளினான். எனக்கு மூன்று வருஷத்துக் கரண்ட் பில் கண்ணில் ஆடியது.

ட்ராலி வழிக்கு மேலே டக்ட்டைத் தூக்கி, விரியும் பகுதியை நீளமாக, சாய்வாகத் தகரத்தில் அடித்துப் போட்டோம். பழைய 15 ஹெச்.பி. மோட்டார் மறுபடி மேலே ஏறியது. 20 ஹெச்.பி. ஸ்டோர்ஸுக்குப் போயிற்று. மேலதிகாரியிடம் போய், மூன்று வருஷத்துக்கு முன் நான் செய்தது தப்பு என்று சொன்னேன். சொல்லும்போது கொஞ்சம் உதறலாகத்தான் இருந்தது. அவர் திட்டவில்லை. அடுத்த லைனையும் பார்த்துவிடுங்கள் என்றார்.

படித்துக்கொண்டிருக்கும் தம்பி தங்கைகளுக்கு அறிவுரை சொல்ல எனக்கு வயதும் போதாது, யோக்கியதையும் போதாது. ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். மெஷின் ஓடத் தொடங்கிய பிறகும் ஒரு நிமிஷம் அங்கேயே நின்று, ஏன் என்று கேளுங்கள். ரெக்கார்டில் படம் வரையும்போதும் கேளுங்கள். ஹாஸ்டல் ஃபேனைத் துடைக்க முறை வரும்போது, துணியை எடுப்பதற்கு முன் அந்தத் தூசியை நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள்.

வைவா எடுத்த சார் இந்தச் சந்திப்புக்கு வருகிறார் என்று கேள்விப்பட்டேன். ஓய்வு பெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது. என்னை ஞாபகம் இருக்க நியாயமில்லை. இருந்தாலும், சார், விரியும் கூம்பு ஏன் நீளம் என்ற உங்கள் கேள்விக்கு என் பதில் மேலே இருக்கிறது. தாமதத்துக்கு மன்னிக்கவும். மார்க் வேண்டாம் சார், பதில் சரிதானா என்று மட்டும் சொல்லுங்கள்.